டிபிஏ-வாக இருப்பவர் டேட்டா வேர்ஹவுஸ் கட்டுவது எப்படி: எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்குத் தள்ளுவது

ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர், போஸ்ட்கிரெஸ் என்று வருஷக்கணக்கில் டேட்டாபேஸ் பார்த்துக்கொண்டிருக்கும் டிபிஏ-விடம் (டேட்டாபேஸ் நிர்வாகியிடம்) ஒருநாள் நிர்வாகம் வந்து, "நமக்கும் ஒரு டேட்டா வேர்ஹவுஸ் வேண்டும், பவர் பிஐ-யில் டேஷ்போர்டு வேண்டும், இந்தக் காலாண்டுக்குள் முடியுமா" என்று கேட்கும். ரிப்போர்ட்டுக்காகப் பழைய டேட்டாவையும் சேர்த்துத் தனியாக வைக்கும் டேட்டாபேஸ்தான் டேட்டா வேர்ஹவுஸ், அதிலிருந்து எண்களை எடுத்துக் காட்டும் கருவி பவர் பிஐ. கேட்டதும் பெரும்பாலானவர்கள் ஸ்னோஃபிளேக்கா, பிக்குவெரியா, ரெட்ஷிஃப்டா என்று கிளவுட் வேர்ஹவுஸ்களின் விலைப்பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். அந்த வேலையைக் கடைசிக்குத் தள்ளுங்கள். கருவியைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் கொஞ்சம் பணமும் சில மாதங்களும்தான் போகும், மாடலை, அதாவது டேபிள்களின் அமைப்பை, தப்பாகப் போட்டால் ரிப்போர்ட்டில் வரும் எண்ணை யாரும் நம்ப மாட்டார்கள், அதன்பிறகு எல்லாரும் பழையபடி எக்ஸலுக்கே திரும்பிவிடுவார்கள்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். சோப்பு, ஷாம்பு, பற்பசை, நெய் இதையெல்லாம் தமிழ்நாடு முழுக்கக் கடைகளுக்கு விநியோகிக்கிற ஒரு நிறுவனம். பில்லிங் போஸ்ட்கிரெஸில் ஓடுகிறது. மாதத்துக்குச் சில லட்சம் பில் ஐட்டம்கள். விற்பனைப் பிரிவு, கணக்குப் பிரிவு, கிடங்குப் பிரிவு மூன்றும் மூன்று விதமான "இந்த மாத விற்பனை" சொல்கின்றன. இது எல்லா ஊரிலும் நடக்கிற கதைதான்.

முதலில் அந்த மூன்று எண்களும் ஏன் வேறுபடுகின்றன என்று போய்க் கேளுங்கள். விற்பனைப் பிரிவு ஜிஎஸ்டி சேர்த்த பில் தொகையைச் சொல்லும். கணக்குப் பிரிவு வரி நீங்கலாக, கிரெடிட் நோட் (பில் தொகையைப் பிறகு குறைத்துக் கொடுக்கும் சீட்டு) கழித்துச் சொல்லும். கிடங்கில் இருப்பவர்கள் வேனில் ஏறிய சரக்கை வைத்துக் கணக்கு சொல்வார்கள், அதில் நேற்று பில் போட்டு இன்று ஏறியதும் இருக்கும். மூன்றுமே சரியான எண்கள். உங்கள் டேட்டா கிடங்கில் (வேர்ஹவுஸைத்தான் இனி கிடங்கு என்கிறேன்) இந்த மூன்றும் மூன்று தனிப் பெயர்களில் இருக்க வேண்டும், "விற்பனை" என்று மொட்டையாக ஒரு நெடுவரிசை இருக்கவே கூடாது. இதை ஒரு பக்கத்தில் எழுதி மூன்று பிரிவுத் தலைவர்களிடமும் ஒப்புதல் வாங்கிவிட்டுத்தான் முதல் டேபிளை உருவாக்க வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தாண்டிக் குதித்தவர்கள் ஆறு மாதம் கழித்து இதே இடத்துக்குத்தான் திரும்பி வருகிறார்கள்.

அடுத்து கிரெயின். ஃபேக்ட் டேபிளில், அதாவது விற்பனை போன்ற நிகழ்வுகளின் எண்களை வைக்கும் டேபிளில், ஒரு ரோ எதைக் குறிக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். "ஒரு பில்லில் ஒரு பொருள், ஒரு ரோ" என்பது நல்ல கிரெயின். "பில்லும் பொருளும் டெலிவரியும்" என்று இழுத்தால் இன்னும் முடிவு செய்யவில்லை என்று அர்த்தம். முடிந்தவரை அடிமட்ட விவரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கூட்டித் தருவது எப்போதும் முடியும், கூட்டி வைத்ததைப் பிரிக்க முடியாது. நார்மலைசேஷனில் (ஒரு விவரத்தை ஒரே இடத்தில் மட்டும் வைக்கும் பழக்கத்தில்) ஊறிய நமக்கு ஸ்டார் ஸ்கீமா, அதாவது நடுவில் ஃபேக்ட், சுற்றிலும் கடை, பொருள், தேதி என்று விவரம் சொல்லும் டைமென்ஷன் டேபிள்கள், முதலில் கை கூசும். கடையின் பெயர், ஊர், மாவட்டம், விற்பனைப் பகுதி எல்லாம் ஒரே டைமென்ஷன் டேபிளில் திரும்பத் திரும்ப வரும். வரட்டும். கடைகள் சில ஆயிரம்தான், ஃபேக்டில் ரோக்கள் கோடிக்கணக்கில் போகும், மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் டைமென்ஷன் கிடையாது. வேர்ஹவுஸ் துறையின் இரண்டு முன்னோடிகளில் பில் இன்மன் சொன்னபடி மையத்தில் நார்மலைஸ் செய்த கிடங்கா, ரால்ஃப் கிம்பல் சொன்னபடி நேராக டைமென்ஷனல் மாடலா (ஸ்டார் ஸ்கீமா) என்ற சண்டை முப்பது வருஷமாக நடக்கிறது. இரண்டு மூன்று மூல அமைப்புகள்தான் (பில்லிங் போல டேட்டா வரும் இடங்கள்) இருக்கின்றன என்றால் கிம்பல் வழியிலேயே போய்விடலாம் என்பது என் கருத்து.

கிரெயினைச் சரியாகப் பிடிக்காவிட்டால் என்ன ஆகும்? ஒரு பில்லில் மூன்று பொருட்கள், பில்லுக்கு மொத்தமாக 100 ரூபாய் டெலிவரி கட்டணம். பில் ஹெட்டரையும் (பில்லுக்கு ஒரு ரோ உள்ள டேபிள்) ஐட்டங்களையும் ஜாயின் செய்து (இணைத்து) கட்டணத்தைக் கூட்டினால் 300 என்று வரும். எஸ்க்யூஎல் எந்தப் பிழையும் காட்டாது. தீர்வு இரண்டு. ஒன்று, அந்த 100 ரூபாயைப் பொருட்களின் மதிப்புக்கு ஏற்றபடி பிரித்து ஐட்டம் அளவில் எழுதுவது, பைசா ரவுண்டிங்கில் வரும் மிச்சத்தைக் கடைசி ஐட்டத்தில் சேர்த்துவிட்டால் மொத்தம் ஒத்துப்போகும். இன்னொன்று, பில் அளவில் இன்னொரு ஃபேக்ட் டேபிள். முதலாவதைத்தான் பெரும்பாலும் பரிந்துரைப்பேன், ஏனென்றால் "எந்தப் பொருளில் டெலிவரிச் செலவு அதிகம் போகிறது" என்று கட்டாயம் ஒருநாள் கேட்பார்கள்.

பில் எண்ணைச் சாவியாக (ஒரு பில்லைத் தனித்து அடையாளம் காட்டும் கீ-யாக) நம்பாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் 16 எழுத்துக்குள், ஒரு நிதியாண்டுக்குள் தனித்துவமாக இருந்தால் போதும். ஏப்ரல் 1 அன்று தொடரை 1-லிருந்து மறுபடி ஆரம்பிப்பது பல நிறுவனங்களின் வழக்கம். ஆகவே நிதியாண்டு, கிளை, பில் எண் மூன்றும் சேர்ந்தால்தான் சாவி. ஒரு வருஷ டேட்டாவை மட்டும் வைத்துச் சோதித்தால் இது கண்ணில் படாது.

பழைய விவரங்களை எப்படிக் காப்பாற்றுவது

பில்லிங் டேட்டாபேஸுக்கு இன்றைய நிலைமை தெரிந்தால் போதும். கிடங்குக்கு அன்றைக்கு என்ன நிலைமை என்பதும் தெரிய வேண்டும், புத்தகங்கள் இதை ஸ்லோலி சேஞ்சிங் டைமென்ஷன் என்று சொல்கின்றன. தமிழ்நாட்டு டேட்டாவிலேயே இதற்கு அருமையான சோதனை இருக்கிறது. 2019 நவம்பரில் திருநெல்வேலியில் இருந்து தென்காசி தனி மாவட்டமானது. சங்கரன்கோவிலில் இருக்கும் ஒரு கடையின் மாவட்டத்தை அப்படியே மாற்றி எழுதிவிட்டால், அதாவது டைப் 1, அந்தக் கடையின் 2018 விற்பனையும் தென்காசி கணக்கில் போய்விடும், 2018-ல் தென்காசி மாவட்டமே கிடையாது. மாற்றி எழுதாமல் புது ரோ போட்டால், அதாவது டைப் 2, திருநெல்வேலியின் விற்பனை 2019 நவம்பரில் திடீரென்று சரிந்ததுபோல் சார்ட் காட்டும், பகுதி மேலாளரைக் கூப்பிட்டுத் திட்டுவார்கள், பாவம் அவர் ஒன்றுமே செய்திருக்க மாட்டார்.

எது சரி? கேள்வியைப் பொறுத்தது. பத்து வருஷ வளர்ச்சியைப் பார்க்க இன்றைய எல்லை வேண்டும். அன்றைக்கு அனுப்பிய அறிக்கையை அப்படியே மறுபடி எடுக்க அன்றைய எல்லை வேண்டும். அதனால் டைப் 2 ரோக்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் "அன்றைய மாவட்டம்", "தற்போதைய மாவட்டம்" என்று இரண்டு நெடுவரிசைகள் வையுங்கள். டைப் 6 என்று இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, எண் மறந்தாலும் பரவாயில்லை.

டைப் 2 செய்யும்போது கவனிக்க வேண்டியது தேதி எல்லை. "முதல் தேதி பில் தேதிக்குச் சமம் அல்லது முன், முடிவுத் தேதி பில் தேதிக்குப் பின்" என்று ஒரு பக்கம் திறந்த இடைவெளியாக வையுங்கள், இன்னும் முடியாததற்கு 9999-12-31. எஸ்க்யூஎல்-லில் பிட்வீன் போட்டால் இரண்டு முனையும் சேர்ந்துகொள்ளும், மாற்றம் நடந்த அந்த ஒரு நாளின் பில்கள் மட்டும் இரண்டு முறை கணக்கில் வரும், அதைக் கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் டைப் 2 போடவும் வேண்டாம். ஜிஎஸ்டி விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் எல்லாம் 18 சதவீதத்தில் இருந்து 5-க்கு வந்தன, நெய்யும் வெண்ணெயும் 12-லிருந்து 5-க்கு. விகிதத்தைப் பொருள் டைமென்ஷனில் வைத்து, வரி சேர்ந்த விலையில் இருந்து வரி நீங்கிய தொகையைக் கணக்கிட்டிருந்தவர்களுக்கு என்ன ஆகியிருக்கும்? ஆகஸ்டில் 118 ரூபாய்க்கு விற்ற ஷாம்பு, வரி நீங்கலாக 100 என்று இருந்தது, செப்டம்பர் 22-க்குப் பிறகு 112.38 என்று காட்டும். டைப் 2 போட்டிருந்தாலும் முழுசாகத் தப்பிக்க முடியாது, ஆகஸ்ட் பில்லுக்கு அக்டோபரில் கிரெடிட் நோட் வந்தால் அதில் 18 சதவீதம்தான் இருக்கும், தேதியை வைத்துத் தேடினால் 5 கிடைக்கும். விகிதமும் வரித்தொகையும் பில்லிலேயே அச்சாகியிருக்கின்றன, அதை அப்படியே ஃபேக்ட் ரோவில் எழுதிவிடுவதுதான் சரி. எம்ஆர்பி-க்கும் இதேதான். பில் போட்ட நேரத்தில் தீர்மானமானதை எல்லாம் ஃபேக்டில் வைத்துவிடுங்கள்.

தேதி டைமென்ஷனைச் சோம்பேறித்தனமாகச் செய்யாதீர்கள்

இணையத்தில் கிடைக்கும் ஸ்கிரிப்டை ஓட்டினால் வருஷம், மாதம், வாரம் கிடைக்கும். அது போதாது. ஏப்ரல் முதல் மார்ச் வரை நிதியாண்டு, அதன் காலாண்டு, "2025-26" என்ற பெயர் எல்லாம் வேண்டும். அதைவிட முக்கியம் பண்டிகை. தீபாவளி 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. சென்ற வருஷம் இதே மாதத்தோடு ஒப்பிடும் சார்ட், 2024 நவம்பரைப் பார்த்துவிட்டு விற்பனை படுத்துவிட்டது என்று சொல்லும், அக்டோபரில் ஓகோ என்று போயிருக்கும். தேதி டேபிளில் "தீபாவளிக்கு இன்னும் எத்தனை நாள்" என்று ஓர் எண்ணைப் போட்டு வைத்துவிட்டால் பண்டிகைக்கு முந்தைய முப்பது நாளை வருஷத்துக்கு வருஷம் ஒப்பிடலாம். விற்பனைப் பிரிவுக்கு இது ஒன்றே போதும், உங்களைக் கையில் ஏந்துவார்கள்.

நேர மண்டலமும் இங்கேதான் மாட்டும். கிளவுட் கிடங்குகள் பல யுடிசி-யில் (உலகப் பொது நேரத்தில்) யோசிக்கும், பிக்குவெரியில் டைம்ஸ்டாம்பைத் தேதியாக மாற்றும்போது மண்டலம் சொல்லாவிட்டால் யுடிசி-தான். நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். விடியற்காலை 4 மணிக்கு வேனில் சரக்கு ஏற்றும்போதே பில் போடுகிற இடத்தில் அந்த பில் முந்தைய நாள் கணக்குக்குப் போகும். ஏப்ரல் 1 அன்று அது நடந்தால் முந்தைய நிதியாண்டுக்கே போய்விடும். ஏற்றும்போதே இந்திய நேரத்துக்கு மாற்றி, பில் தேதி என்று தனி நெடுவரிசையாக வைத்துவிடுங்கள், ரிப்போர்ட் எழுதுகிறவர் கையில் அந்த மாற்றத்தை விடவே கூடாது.

மூலத்தில் இருந்து எடுப்பது

பில்லிங் சர்வரிலேயே ரிப்போர்ட் ஓட்டக்கூடாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரெப்ளிகாவில் (அதைப் பின்தொடரும் நகல் சர்வரில்) ஓட்டலாமே என்றால், ஓட்டலாம், ஆனால் நீண்ட குவெரி ரிகவரியோடு (மாற்றங்களை நகலில் போடும் வேலையோடு) மோதி ரத்தாகும், அதைத் தவிர்க்க ஹாட் ஸ்டாண்ட்பை ஃபீட்பேக் என்ற அமைப்பை இயக்கினால் பிரைமரியில் (மூல சர்வரில்) வேக்குவம், அதாவது பழைய ரோக்களைத் துப்புரவாக்கும் வேலை, தேங்கி டேபிள் வீங்கும். சின்ன அளவில் பிரச்சினை இல்லை.

தினசரி எடுப்பதற்கு எல்லாரும் முதலில் செய்வது, கடைசியாகத் திருத்திய நேரத்தைப் பார்த்து அதற்குப் பிறகு வந்தவற்றை மட்டும் இழுப்பது. எளிது, ஆனால் இரண்டு ஓட்டைகள். டெலீட் ஆனது தெரியாது. இன்னொன்று நுணுக்கமானது: போஸ்ட்கிரெஸில் நவ் ஃபங்ஷன் டிரான்சாக்ஷன் தொடங்கிய நேரத்தைத் தரும். 10:00 மணிக்குத் தொடங்கிய டிரான்சாக்ஷன் 10:07-க்கு கமிட் ஆகிறது, நீங்கள் 10:05-க்கு எடுத்துவிட்டு அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டீர்கள். 10:00 முத்திரையோடு வந்த அந்த ரோ உங்களுக்குக் கடைசிவரை கிடைக்காது. ஆகவே கொஞ்சம் பின்னால் போய் எடுங்கள், இரண்டு மூன்று நாள் என்றாலும் தப்பில்லை, அந்த நாட்களுக்கு உரிய டேட்டாவைக் கிடங்கில் அழித்துவிட்டு ஒரே டிரான்சாக்ஷனில் மறுபடி எழுதுங்கள். எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே விடை வர வேண்டும். இரவு 2 மணிக்கு ஜாப் பாதியில் விழுந்தால் யோசிக்காமல் மறுபடி ஓட்டும் தைரியம் அப்போதுதான் வரும்.

டெலீட்டும் வேண்டும், சில நிமிடத் தாமதம்தான் அனுமதி என்றால் லாக் வழியாக மாற்றங்களை எடுக்கும் சிடிசி (சேஞ்ச் டேட்டா கேப்சர்) முறைதான் வழி, டெபீசியம் போன்ற கருவிகள் இதைச் செய்யும். அதற்குப் போகிறீர்கள் என்றால் ரெப்ளிகேஷன் ஸ்லாட்டை (எதுவரை படித்தாயிற்று என்று போஸ்ட்கிரெஸ் வைத்துக்கொள்ளும் குறியை) கண்காணியுங்கள். படிக்கிற பக்கம் நின்றுபோனால் ஸ்லாட் வேல் (WAL) எனும் மாற்றப் பதிவு ஃபைல்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும், டிஸ்க் நிரம்பி பில்லிங்கே நின்றுவிடும். போஸ்ட்கிரெஸ் 13-ல் இருந்து ஸ்லாட்டுக்கு உச்சவரம்பு வைக்கும் அமைப்பு இருக்கிறது, அதை வைக்காமல் சிடிசி-யைத் தொடவே தொடாதீர்கள். உண்மையில் காலை 8 மணிக்கு நேற்றைய எண் வந்தால் போதும் என்றுதான் பெரும்பாலான நிறுவனங்கள் சொல்லும், "ரியல் டைம்" என்று கேட்பவரிடம் அந்த எண்ணை வைத்து அடுத்த ஐந்து நிமிடத்தில் என்ன முடிவு எடுப்பீர்கள் என்று மட்டும் கேட்டுப்பாருங்கள்.

ஃபேக்டை ஏற்றும்போது டைமென்ஷனோடு இன்னர் ஜாயின் போடாதீர்கள். மாஸ்டரில் (கடைப் பட்டியலில்) இன்னும் வராத கடைக்கு பில் வந்திருக்கும், இன்னர் ஜாயினில் அது சத்தமில்லாமல் காணாமல்போகும். ஒவ்வொரு டைமென்ஷனிலும் "தெரியாதது" என்று மைனஸ் 1 சாவியோடு ஒரு ரோ வைத்து, லெஃப்ட் ஜாயின் செய்து அதில் விழ விடுங்கள், அடுத்த நாள் மாஸ்டர் வந்ததும் சரிசெய்யலாம். நாள்தோறும் அந்த ரோவில் எவ்வளவு விழுகிறது என்பதே ஒரு நல்ல அலாரம்.

இப்போது கருவி

மாதம் சில லட்சம் ரோ என்றால், சொல்லப்போனால், தனி மெஷினில் இன்னொரு போஸ்ட்கிரெஸே சில வருஷம் தாங்கும். பார்க்கே ஃபைல்களாக (நெடுவரிசையாகச் சேமிக்கும் ஃபைல் வடிவம்) எழுதி டக்டிபி என்ற சின்ன இன்ஜினில் படித்தாலும் ஒரு சாதாரண லேப்டாப்பிலேயே ஆச்சரியமான வேகம் கிடைக்கும். எஸ்க்யூஎல் சர்வர் உரிமம் ஏற்கெனவே இருந்தால் 2016 சர்வீஸ் பேக் 1 முதல் ஸ்டாண்டர்ட் பதிப்பிலும் காலம்ஸ்டோர் இன்டெக்ஸ் (டேட்டாவை நெடுவரிசையாகச் சேமிப்பது) உண்டு. கோடிக்கணக்கில் ரோ, பல குழுக்கள் ஒரே நேரத்தில் குவெரி, சர்வர் பராமரிக்க ஆள் இல்லை, இந்த நிலைமையில்தான் கிளவுட் கிடங்குக்குப் பணம் கொடுப்பது நியாயம்.

எதை எடுத்தாலும் நெடுவரிசையாகச் சேமிக்கும் இன்ஜினுக்குப் போகும்போது சில பழக்கங்களை விட வேண்டும். 60 நெடுவரிசை உள்ள டேபிளில் மூன்றை மட்டும் கேட்டால் அந்த மூன்றை மட்டுமே அது படிக்கும், அதனால் செலக்ட் ஸ்டார் (எல்லா நெடுவரிசையையும் கேட்பது) என்பது இங்கே உண்மையிலேயே காசு. பிக்குவெரியில் ஆன்-டிமாண்ட் கட்டணம் படித்த பைட்டுக்கு, சாதாரண டேபிளில் லிமிட் 10 போட்டாலும் முழு டேபிளுக்கான பில் வரும். இன்டெக்ஸ் போட்டுச் சரிசெய்யலாம் என்ற எண்ணம் பெரும்பாலும் பலிக்காது, ஒவ்வொரு துண்டிலும் இருக்கும் குறைந்தபட்ச, அதிகபட்ச மதிப்பைப் பார்த்துத் தேவையில்லாததைத் தாண்டிப் போவதுதான் இங்கே வேகத்தின் ரகசியம், ஆகவே டேட்டா தேதிவாரியாக வரிசைப்பட்டு ஏறுவது முக்கியம். போஸ்ட்கிரெஸில் பிரின் இன்டெக்ஸ் பயன்படுத்தியவருக்கு இது சட்டென்று பிடிபடும். ஒவ்வொரு ரோவாக இன்சர்ட் செய்வதையும் விடுங்கள். எஸ்க்யூஎல் சர்வர் காலம்ஸ்டோரில் ஒரு ரோகுரூப் (சேர்த்துச் சுருக்கும் ரோக்களின் தொகுதி) 10,48,576 ரோ வரை கொள்ளும், மொத்தமாக ஏற்றும்போது 1,02,400-க்குக் குறைவாக வந்தால் சுருக்காமல் டெல்டா ஸ்டோர் என்ற தற்காலிக இடத்தில் போட்டு வைக்கும். சின்னச் சின்னதாக ஏற்றினால் காலம்ஸ்டோர் வைத்தும் பயனில்லை.

டிபிஏ-க்களுக்குப் பெரிய அதிர்ச்சி வேறு ஒன்று. ஸ்னோஃபிளேக்கின் வழக்கமான டேபிள்களிலும் ரெட்ஷிஃப்டிலும் பிக்குவெரியிலும் பிரைமரி கீ அறிவிக்கலாம், ஆனால் டூப்ளிகேட் வந்தால் அவை தடுக்காது. தடுக்காதது மட்டும் இல்லை, ரெட்ஷிஃப்டின் ஆப்டிமைசர் உங்கள் அறிவிப்பை நம்பிக் குவெரி திட்டம் போடும், டேட்டா அப்படி இல்லையென்றால் விடையே தப்பாக வரலாம். இதுவரை டேட்டாபேஸ் செய்துகொண்டிருந்த காவல் வேலையை நீங்கள் சோதனைகளாக எழுத வேண்டும். டிபிடி (கிடங்கின் எஸ்க்யூஎல் மாற்றங்களை நிர்வகிக்கும் கருவி) பயன்படுத்தினால் தனித்துவம், நல் (காலி மதிப்பு) இல்லாமை, டேபிள்களுக்கு இடையே உறவு மூன்றுக்கும் ஆயத்தமாகச் சோதனைகள் இருக்கின்றன. அது இல்லாவிட்டாலும் குரூப் பை போட்டு எண்ணிக்கை ஒன்றுக்கு மேல் போனால் ஜாபை நிறுத்தும் ஒரு குவெரி போதும்.

பிஐ பக்கம்

பவர் பிஐ-க்கு ஸ்டார் ஸ்கீமாவை அப்படியே கொடுங்கள், வசதியாக இருக்கும் என்று ஒரே அகல டேபிளாக்கிக் கொடுக்காதீர்கள். டேட்டாவை பவர் பிஐ-க்குள் நகலெடுக்கும் இம்போர்ட் முறையிலேயே ஆரம்பியுங்கள், டைரக்ட்குவெரி என்றால் ஒவ்வொரு கிளிக்கும் உங்கள் சர்வரில் வந்து விழும். ஆட்டோ டேட் அமைப்பை முதலில் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு தேதி நெடுவரிசைக்கும் ஒளிந்து ஒரு தேதி டேபிளை அது உருவாக்கிக்கொள்ளும், நாம் பாடுபட்டுச் செய்த தீபாவளி டேபிள் ஓரமாக நிற்கும். லட்சம், கோடி அலகுகளும் வழக்கமான அமைப்பில் வராது, மில்லியனில் காட்டினால் நம் முதலாளிகள் ஒருமுறைக்கு மேல் பார்க்க மாட்டார்கள், மெஷரிலேயே (பவர் பிஐ-யில் எழுதும் கணக்குச் சூத்திரத்திலேயே) வகுத்துக் கொடுத்துவிடுங்கள்.

சதவீதங்களை முன்கூட்டியே கணக்கிட்டு ஃபேக்டில் சேமிக்க வேண்டாம். ஒரு கடையில் 1,000 ரூபாய் விற்பனை, 200 லாபம், 20 சதவீதம். இன்னொன்றில் 9,000 விற்பனை, 450 லாபம், 5 சதவீதம். சராசரி போட்டால் 12.5 என்று வரும், உண்மையான லாப விகிதம் 6.5. லாபத்தையும் விற்பனையையும் தனித்தனியாக வைத்து, கூட்டிய பிறகு வகுக்கும் மெஷராக எழுத வேண்டும். கையிருப்புக்கும் இப்படி ஒரு பொறி உண்டு. கடைகள் முழுக்கக் கூட்டலாம், நாட்கள் முழுக்கக் கூட்டக்கூடாது, மாதத்துக்குக் கடைசி நாள் இருப்பைத்தான் எடுக்க வேண்டும்.

டேஷ்போர்டை யாருக்கும் காட்டுவதற்கு முன் ஒத்துப்பார்த்தல். தினமும் மூலத்திலும் கிடங்கிலும் நாள்வாரியாக ரோ எண்ணிக்கை, தொகைக் கூட்டல் இரண்டையும் எடுத்து ஒரு டேபிளில் எழுதுங்கள், வித்தியாசம் வந்தால் ரிப்போர்ட் புதுப்பிப்பதையே நிறுத்துங்கள், நேற்றைய எண் இருந்தாலும் பரவாயில்லை. அதோடு, கணக்குப் பிரிவு மாதாமாதம் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர) படிவத் தொகையோடு உங்கள் கிடங்கின் வரி நீங்கிய மதிப்பைக் கடந்த பன்னிரண்டு மாதங்களுக்கும் ஒப்பிடுங்கள். அரசாங்கத்திடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த எண் அது, நிறுவனத்தில் எல்லாரும் ஏற்கெனவே நம்பும் ஒரே எண். ஒத்துவராத மாதங்களுக்குக் காரணம் பெரும்பாலும் ரத்தான பில், அடுத்த மாதத்தில் திருத்தித் தாக்கல் செய்தது, இரண்டு கிளைகளுக்கு இடையே சரக்கு மாற்றியது, இவற்றில் ஒன்றாக இருக்கும், ஒவ்வொன்றையும் எழுதி வையுங்கள். பன்னிரண்டு மாதமும் விளக்கத்தோடு நின்ற பிறகு முதல் கூட்டத்துக்குக் கணக்குப் பிரிவின் ஆளையே அழைத்துப்போய் அந்தத் தாளை அவரையே காட்டச் சொல்லுங்கள், டேஷ்போர்டை அதற்கு அப்புறம் திறக்கலாம்.